ஆணையிடும் ஆங்கிலச் சொற்கள்: ஆர்டர், கமாண்ட், டைரக்ஷன், டிக்ரீ ஆகியவற்றின் பொருள் வேறுபாடுகள்

அரசு அலுவலகக் கடிதங்களையும் நீதிமன்ற ஆவணங்களையும் மொழிபெயர்க்கத் தொடங்கியிருக்கும் ஒருவர் கேட்டிருக்கும் கேள்வி இது. ஆங்கிலத்தில் ஆர்டர், கமாண்ட், டைரக்ஷன், இன்ஸ்ட்ரக்ஷன், டிக்ரீ, இன்ஜங்ஷன், ஆர்டினன்ஸ், மேண்டேட் என்று இத்தனை சொற்கள் இருக்க, அகராதியைத் திறந்தால் எல்லாவற்றுக்கும் ஆணை, கட்டளை, உத்தரவு என்ற மூன்றே சொற்கள் மாறி மாறி வருகின்றன. இவற்றுள் எது வலியது, எது மெலியது, தமிழில் எதை எங்கே வைப்பது என்று அவர் கேட்கிறார்.

வலிமையை வைத்து இவற்றை வரிசைப்படுத்த முயல்வதில்தான் குழப்பம் தொடங்குகிறது என்பது என் கருத்து. ஆணையிடுபவருக்கு அந்த உரிமை எங்கிருந்து கிடைத்தது என்பதே இச்சொற்களைப் பிரிக்கும் முதன்மையான வேறுபாடு. படைத்தலைவர் பதவியின் உரிமையில் பேசுகிறார். நீதிபதி வழக்கை விசாரித்து முடித்த உரிமையில் பேசுகிறார். ஆளுநர் சட்டமன்றம் கூடாத காலத்துக்கென்று அரசமைப்புச் சட்டம் தந்த உரிமையில் பேசுகிறார். கட்சிக்காரர் தம் வழக்கறிஞரிடம் வழக்கு தம்முடையது என்ற உரிமையில் பேசுகிறார். இந்த நான்குக்கும் ஆங்கிலத்தில் நான்கு சொற்கள் உண்டு. ஆகவே ஒரு சொல்லைச் சந்தித்ததும் யார், யாருக்கு, எந்த உரிமையில் சொல்கிறார், மீறினால் என்ன நேரும் என்று கேட்டுக்கொள்வது, அகராதியைப் புரட்டுவதைவிட விரைவாக விடைக்குக் கொண்டுசேர்க்கும்.

உரிமையைப் பற்றிய பேச்சு என்பதால் முதலில் 'பவர்', 'அதாரிட்டி' என்ற இரண்டையும் பார்க்க வேண்டும். இரண்டுக்கும் அதிகாரம் என்றே எழுதிவிடுகிறோம். 'பவர்' என்பது ஒன்றைச் செய்துமுடிக்கும் ஆற்றல். 'அதாரிட்டி' என்பது அதைச் செய்வதற்கு மற்றவர்கள் ஏற்றுக்கொண்ட தகுதி. இந்தப் பிரிவு ரோமானியர்களிடமிருந்து வந்தது. பதவியில் இருப்பவருக்கு உள்ள சட்ட அதிகாரத்தை அவர்கள் பொத்தெஸ்தாஸ் என்றார்கள். சொல்லுக்கு உள்ள மதிப்பை அவுக்தோரித்தாஸ் என்றார்கள். 'அதாரிட்டி' பிறந்தது இந்த இரண்டாவது சொல்லிலிருந்து. அதன் வேர் வளர்த்தல், பெருக்குதல் என்னும் பொருளுடைய லத்தீன் வினை. நூலாசிரியரைக் குறிக்கும் 'ஆதர்' என்ற சொல்லுக்கும் அதுவே வேர். பொத்தெஸ்தாஸ் மக்களிடமும் அவுக்தோரித்தாஸ் செனட்டிடமும் இருக்க வேண்டும் என்று ரோமானிய அரசியலறிஞர் சிசரோ எழுதினார். முதல் பேரரசரான அகஸ்டஸ் தம் சாதனைகளைப் பட்டியலிட்டு எழுதிய அறிக்கை, இன்றைய அங்காராவில் ஒரு கோயில் சுவரில் கல்வெட்டாக எஞ்சியிருக்கிறது. மதிப்பில் தாம் எல்லோரையும் விஞ்சியதாகவும், சட்ட அதிகாரம் மட்டும் தம்மோடு பதவியில் இருந்தவர்களுக்கு இருந்த அளவே தமக்கும் இருந்ததாகவும் அதில் அவர் சொல்கிறார். அவருடைய ஆட்சியை அறிந்தவர்கள் இந்த வாக்கியத்தை எளிதில் நம்ப மாட்டார்கள். ஆனால் இரண்டு சொற்களுக்கும் உள்ள இடைவெளியை இதைவிடத் தெளிவாகக் காட்டும் வாக்கியம் எனக்குத் தெரியவில்லை.

இன்றைய நடைமுறையில் இந்தக் கோடு சில இடங்களில் அழிந்தும் இருக்கிறது. பத்திரப் பதிவு அலுவலகத்தில் 'பவர் பத்திரம்' என்று சொல்லப்படுவதில் உள்ள 'பவர்', ஒருவர் தம் சார்பில் செயல்பட இன்னொருவருக்கு எழுதிக்கொடுக்கும் உரிமை. பொருளால் அது 'அதாரிட்டி'தான். இந்திய நிர்வாக ஆங்கிலத்தில் 'அதாரிட்டி' என்பது ஓர் அமைப்பையோ அலுவலரையோ குறிக்கும் பெயராகவும் ஆகிவிட்டது. தகுதி வாய்ந்த அலுவலர், மேல்முறையீட்டு அலுவலர் என்று நாம் எழுதும் இடங்களில் எல்லாம் ஆங்கில மூலத்தில் 'அதாரிட்டி' என்ற சொல்லே இருக்கும். தேசிய நெடுஞ்சாலைகள் ஆணையம் ஆங்கிலத்தில் 'அதாரிட்டி'; தேர்தல் ஆணையம் 'கமிஷன்'; சென்னைப் பெருநகர் வளர்ச்சிக் குழுமமோ ஆங்கிலத்தில் மறுபடியும் 'அதாரிட்டி'. தமிழ்ப் பெயரை மட்டும் பார்த்து ஆங்கிலப் பெயரை ஊகித்தால் தவறிவிடும் என்பதால், அமைப்புகளின் பெயர்களை அந்தந்த அமைப்பு வைத்திருக்கும் வடிவத்திலேயே எடுத்தாள வேண்டும்.

அடுத்து 'ஆர்டர்', 'கமாண்ட்' இரண்டும். 'ஆர்டர்' என்பதன் லத்தீன் மூலம் வரிசை, ஒழுங்கு என்று பொருள்படும். அகரவரிசை, சட்டம் ஒழுங்கு, சட்டமன்றத்தில் எழுப்பப்படும் ஒழுங்குப் பிரச்சினை ஆகிய மூன்றிலும் ஆங்கிலத்தில் இருப்பது இதே சொல். ஒவ்வொன்றையும் அதற்குரிய இடத்தில் வைப்பது என்பதே அடிப்படை. அதனால்தான் இதைச் சொல்பவர் மேலே இருப்பவராக இருக்க வேண்டிய கட்டாயம் இல்லை. உணவகத்தில் தோசைக்கு 'ஆர்டர்' கொடுப்பவர் பரிமாறுபவருக்கு மேலதிகாரி அல்லர். அதே சொல் அமெரிக்கக் குடியரசுத் தலைவரின் கையெழுத்தோடு வரும்போது எத்தகைய எடை பெறுகிறது என்பதற்கு 1942 பிப்ரவரி 19 அன்று ரூஸ்வெல்ட் பிறப்பித்த 9066-ஆம் எண் நிர்வாக ஆணை சான்று. அதைத் தொடர்ந்து ஏறத்தாழ 1,20,000 ஜப்பானிய வம்சாவளியினர் வீடுகளிலிருந்து அகற்றப்பட்டு முகாம்களில் அடைக்கப்பட்டார்கள். ஆறு ஆண்டுகள் கழித்து, 1948-இல், படைகளில் இனப் பாகுபாட்டை ஒழிக்க ட்ரூமன் பிறப்பித்த 9981-ஆம் ஆணையும் அதே வகையைச் சேர்ந்ததே. சொல்லில் கொடுமையோ நன்மையோ இல்லை. உரிய பதவியில் உள்ளவர் உரிய வடிவத்தில் எழுதி வெளியிட்டார் என்பதை மட்டுமே அது சொல்கிறது.

'கமாண்ட்' என்பதற்குள் ஆள் இருக்கிறார். கை என்னும் சொல்லும் கொடு என்னும் சொல்லும் சேர்ந்து உருவான லத்தீன் வினையிலிருந்து வந்த சொல் இது. ஒருவர் கையில் ஒரு பொறுப்பை ஒப்படைத்தல் என்பதே மூலப்பொருள். இந்தியாவின் 1950-ஆம் ஆண்டு இராணுவச் சட்டம் இந்த இரண்டு சொற்களையும் கவனமாகப் பிரித்து ஆள்கிறது. மேலதிகாரி நேரில் இட்ட சட்டப்படியான கட்டளையை வேண்டுமென்றே மீறுவதைப் பற்றிய 41-ஆம் பிரிவில் உள்ள சொல் 'கமாண்ட்'. அதற்கு 14 ஆண்டுகள் வரை சிறைத்தண்டனை உண்டு. பொதுவாகவோ ஒரு முகாமுக்கென்றோ வெளியிடப்பட்ட ஆணைகளுக்குக் கீழ்ப்படியாமல் அலட்சியம் செய்வதைப் பற்றிப் பேசும் 42-ஆம் பிரிவில் வருவது 'ஆர்டர்'. ஓர் ஆள் மற்றோர் ஆளின் முகத்தைப் பார்த்துச் சொல்வதையும், பலகையில் ஒட்டப்பட்டு எல்லோருக்கும் பொதுவாக நிற்பதையும் சட்டம் ஒன்றாகக் கருதவில்லை. 41-ஆம் பிரிவில் 'சட்டப்படியான' என்ற அடைமொழி இருப்பதையும் மொழிபெயர்ப்பவர் விட்டுவிடக் கூடாது. மேலதிகாரி சொன்னார் என்பது மட்டும் ஒருவரைப் பொறுப்பிலிருந்து விடுவிக்காது என்று நாஜித் தலைவர்கள் மீதான நியூரம்பெர்க் விசாரணைக்காக 1945-இல் வகுக்கப்பட்ட சாசனத்தின் 8-ஆம் பிரிவு சொன்னதும் இந்த எண்ணத்தின் தொடர்ச்சியே.

'கமாண்ட்' என்பது பெயர்ச்சொல்லாக ஒரு பொறுப்பையும் குறிக்கும். பாதுகாப்புப் படைகளின் தலைமை குடியரசுத் தலைவரிடம் இருக்கும் என்று அரசமைப்புச் சட்டத்தின் 53-ஆம் உறுப்பு சொல்லுமிடத்தில் வருவது இச்சொல்தான். அங்கே கட்டளை என்று எழுதினால் பொருள் கெடும். படைத்தலைமை என்பதே சரி.

'டைரக்ஷன்' என்னும் சொல்லில்தான் மொழிபெயர்ப்பாளர்கள் அதிகம் வழுக்குகிறார்கள் என்று நினைக்கிறேன். வழிகாட்டல் என்ற மென்மையான பொருளும், மறுக்க முடியாத பணிப்பு என்ற கடுமையான பொருளும் அதற்குள் ஒருங்கே இருக்கின்றன. அரசமைப்புச் சட்டத்தின் 256-ஆம் உறுப்பின்படி ஒன்றிய அரசு மாநிலங்களுக்குத் தருவது 'டைரக்ஷன்'. அதற்கு ஒரு மாநிலம் இணங்கவில்லை என்றால், அங்கே அரசமைப்பின்படி ஆட்சி நடத்த இயலாத நிலை ஏற்பட்டிருப்பதாகக் குடியரசுத் தலைவர் கொள்ளலாம் என்று 365-ஆம் உறுப்பு சொல்கிறது. ஓர் ஆட்சியையே அகற்றக்கூடிய விளைவு அந்தச் சொல்லின் பின்னால் நிற்கிறது. அதே சட்டத்தில் அதே வேரிலிருந்து வந்த 'டைரக்டிவ்' என்ற சொல் 36 முதல் 51 வரையுள்ள உறுப்புகளில் அரசுக் கொள்கைக்கான வழிகாட்டு நெறிகளுக்குப் பெயராக இருக்கிறது. அவற்றை எந்த நீதிமன்றத்தின் வழியாகவும் வலியுறுத்திப் பெற முடியாது என்று 37-ஆம் உறுப்பு வெளிப்படையாகவே கூறிவிடுகிறது. ஒரே நூலில் முன்னது கட்டுப்படுத்துகிறது; பின்னது வழிகாட்டுவதோடு நிற்கிறது.

ஐரோப்பிய ஒன்றியத்தில் 'டைரக்டிவ்' என்பதற்கு மூன்றாவது ஒரு பொருள் உண்டு. அடைய வேண்டிய பயனை அது கட்டாயமாக்குகிறது. எந்தச் சட்டத்தின் மூலம் அடைவது என்பதை உறுப்பு நாடுகளிடம் விட்டுவிடுகிறது. 'ரெகுலேஷன்' என்பதோ எல்லா நாடுகளிலும் அப்படியே நேரடியாகச் செல்லும். தனிநபர் தரவுப் பாதுகாப்புக்கு 1995-இல் 'டைரக்டிவ்' கொண்டுவந்தார்கள். நாட்டுக்கு நாடு சட்டம் வேறுபட்டு நின்றது. 2016-இல் அதன் இடத்தில் 'ரெகுலேஷன்' இயற்றி 2018 மே மாதத்திலிருந்து நடைமுறைப்படுத்தினார்கள். எனவே ஐரோப்பியச் செய்திகளில் வரும் இவ்விரு சொற்களையும் ஒரே தமிழ்ச் சொல்லால் எழுதுவது, நடந்த மாற்றத்தையே மறைத்துவிடும்.

ஒன்றிய அரசின் கடிதங்கள் பல, இவ்வாறு தெரிவிக்கப் பணிக்கப்பட்டுள்ளேன் என்னும் பொருள்படும் ஆங்கிலத் தொடருடன் தொடங்குவதைப் பார்த்திருப்பீர்கள். கடிதம் எழுதும் அலுவலர் சொந்த உரிமையில் பேசவில்லை, அரசு தம் வாய்வழியே பேசுகிறது என்பதை அந்தத் தொடர் பதிவு செய்கிறது. தமிழ்நாட்டு அரசாணைகளின் இறுதியில் 'ஆளுநரின் ஆணைப்படி' என்று இருப்பதும் இதே காரணத்தால்தான். மாநில அரசின் நிர்வாக நடவடிக்கைகள் எல்லாம் ஆளுநரின் பெயரால் எடுக்கப்பட்டதாகவே வெளியிடப்பட வேண்டும் என்பது அரசமைப்புச் சட்டத்தின் 166-ஆம் உறுப்பின் விதி. இத்தொடர்களை அலங்காரம் என்று எண்ணி மொழிபெயர்ப்பில் சுருக்குகிறவர்கள், ஆவணத்தின் உயிரான உரிமைக் குறிப்பையே வெட்டிவிடுகிறார்கள்.

'இன்ஸ்ட்ரக்ஷன்' பெரும்பாலும் எப்படிச் செய்வது என்பதைப் பற்றியது. மருந்துப் பெட்டியிலும் தேர்வுத் தாளிலும் அறிவுரை, குறிப்புரை என்று எழுதினால் போதும். நீதிமன்றத்தில் மட்டும் கவனம் வேண்டும். உயர் நீதிமன்றத்தில் அரசு வழக்கறிஞர் எழுந்து 'இன்ஸ்ட்ரக்ஷன் பெற அவகாசம் வேண்டும்' என்று கேட்டால், தம் கட்சிக்காரரான அரசுத் துறையின் நிலைப்பாட்டைக் கேட்டுவர வேண்டும் என்பது பொருள். சட்டம் தெரிந்தவர் வழக்கறிஞராக இருக்கலாம்; வழக்கு கட்சிக்காரருடையது என்பதால் சொல்லும் உரிமை கட்சிக்காரருக்கே. அங்கே அறிவுரை என்று எழுதினால் உறவு தலைகீழாகிவிடும்.

நீதிமன்றச் சொற்களில் 'டிக்ரீ', 'ஆர்டர்' இரண்டையும் 1908-ஆம் ஆண்டு உரிமையியல் நடைமுறைச் சட்டமே வரையறுத்துவிட்டது. வழக்கில் எழுந்த பிரச்சினையைப் பொறுத்துத் தரப்பினரின் உரிமைகளை அந்த நீதிமன்றத்தின் அளவில் முடிவாகத் தீர்மானிப்பது 'டிக்ரீ', அதாவது தீர்ப்பாணை. அதற்கான காரணங்களை விளக்கும் பகுதி தீர்ப்புரை. தீர்ப்பாணை அல்லாத மற்ற முடிவுகளின் முறையான வெளிப்பாடு 'ஆர்டர்'. இந்தப் பிரிவின் விளைவு கட்சிக்காரரின் கையில் நேரடியாக விழுகிறது: தீர்ப்பாணைக்கு எதிராகப் பொதுவாக மேல்முறையீடு உண்டு, ஆணைகளுக்கு எதிராகவோ, சட்டம் பட்டியலிட்டவற்றுக்கு மட்டுமே உண்டு. மொழிபெயர்ப்பில் இரண்டையும் உத்தரவு என்று எழுதிவிட்டால், தமக்கு மேல்முறையீடு இருக்கிறதா இல்லையா என்பது படிப்பவருக்குத் தெரியாமல் போகும். நீதிமன்றத்துக்கு வெளியே 'டிக்ரீ' என்பது யாரையும் கலந்துகொள்ளாத ஆட்சியாளரின் ஆணையையும் குறிக்கும். பிரிட்டனுடன் வணிகத்தைத் தடைசெய்து 1806 நவம்பரில் பெர்லினிலிருந்து நெப்போலியன் வெளியிட்டது 'டிக்ரீ'; அதற்கு மறுமொழியாக 1807-இல் பிரிட்டன் வெளியிட்டவை மன்னர் தம் ஆலோசனை மன்றத்தில் பிறப்பித்த 'ஆர்டர்'கள். பேரரசர் தாமே ஆணையிட்டார். மன்னர் மன்றத்தோடு ஆணையிட்டார்.

'இன்ஜங்ஷன்' என்பதைத் தடையுத்தரவு என்றே எல்லோரும் சொல்கிறோம். பெரும்பாலான வழக்குகளில் அது பொருந்தவும் செய்கிறது. ஆனால் செய்யாதே என்று தடுப்பதோடு, கட்டிய சுவரை இடி என்பதுபோலச் செய்யச் சொல்வதும் 'இன்ஜங்ஷன்'தான். 1963-ஆம் ஆண்டுக் குறித்தவகைத் துயர்தீர்ப்புச் சட்டம் இரண்டுக்கும் தனித்தனிப் பிரிவு வைத்திருக்கிறது. பிராதுகளை எழுதுகிறவர்கள் கையாளும் 'உறுத்துக்கட்டளை' என்ற சொல் இரண்டையும் தாங்கும். செய்யச் சொல்வதைத் தனியே குறிக்கச் 'செயலுறுத்துக் கட்டளை' இருக்கிறது. பேச்சில் புழங்காவிட்டாலும் இவை துல்லியமானவை, பாதுகாக்கத் தக்கவை. 144 தடை உத்தரவு என்று நாம் பழகிய சொல், நீதிமன்ற 'இன்ஜங்ஷன்' ஆகாது. அது நிர்வாக நடுவர் பிறப்பிக்கும் 'ஆர்டர்'. 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் அதற்குரிய பிரிவு 163.

'ஆர்டினன்ஸ்' என்ற சொல்லின் பொருளை 2017 ஜனவரியில் தமிழ்நாடே விவாதித்தது. ஜல்லிக்கட்டுக்காக அந்த மாதம் 21-ஆம் தேதி ஆளுநர் பிறப்பித்தது அவசரச் சட்டம். மெரினாவில் கூடியிருந்தவர்கள் நிரந்தரச் சட்டம் வேண்டும் என்றார்கள். 23-ஆம் தேதி சட்டமன்றம் சட்டமுன்வடிவை நிறைவேற்றியது. அவர்கள் கேட்டதில் சட்டப்படியான பொருள் இருந்தது. சட்டமன்றம் கூடாத காலத்தில் அரசமைப்புச் சட்டத்தின் 213-ஆம் உறுப்பின்படி பிறப்பிக்கப்படும் அவசரச் சட்டத்துக்குச் சட்டத்தின் முழு வலிமை உண்டு என்றாலும், சட்டமன்றம் மீண்டும் கூடி ஆறு வாரங்களில் அது காலாவதியாகிவிடும். இலங்கையில் இதே ஆங்கிலச் சொல்லுக்குத் தமிழ் 'கட்டளைச் சட்டம்'. அங்கே 1895-ஆம் ஆண்டின் சான்றுக் கட்டளைச் சட்டம் போன்றவை குடியேற்றக் காலச் சட்டசபை இயற்றிய வழக்கமான சட்டங்கள். அவற்றில் அவசரம் எதுவும் இல்லை. அமெரிக்காவிலோ இச்சொல் நகராட்சி இயற்றும் உள்ளூர்ச் சட்டத்தைக் குறிக்கும். ஆகவே எந்த நாட்டு ஆவணம் என்று பார்க்காமல் இந்தச் சொல்லை மொழிபெயர்க்கவே கூடாது. திருச்சியில் உள்ள படைக்கலத் தொழிற்சாலையின் ஆங்கிலப் பெயரில் இருப்பது ஓர் எழுத்து குறைந்த வேறு சொல். இதிலிருந்தே பிரிந்து பீரங்கிகளையும் படைத்தளவாடங்களையும் குறிக்கலாயிற்று.

'மேண்டேட்' என்பது 'கமாண்ட்' பிறந்த அதே வேரிலிருந்து வந்தது. தேர்தலில் மக்கள் தருவது, முதல் உலகப் போருக்குப் பின் பாலஸ்தீனத்தையும் ஈராக்கையும் ஆள நாடுகளின் சங்கம் பிரிட்டனுக்குத் தந்தது, இரண்டும் 'மேண்டேட்'தான். ஒப்படைக்கப்பட்ட பொறுப்பு என்ற பொருள் இரண்டிலும் இருக்கிறது. 'மாண்டமஸ்' என்ற நீதிப்பேராணையின் பெயருக்கு லத்தீனில் 'நாம் கட்டளையிடுகிறோம்' என்று பொருள். 'சாங்ஷன்' என்பது நம் அலுவலகங்களில் ஒப்பளிப்பு; பன்னாட்டுச் செய்திகளில் பொருளாதாரத் தடை. இடம் பார்த்து எழுதினால் போதும்.

எந்த ஆணைச்சொல்லும் இல்லாமலே கட்டுப்படுத்தும் வாக்கியங்கள்தான் மிகுந்த கவனம் வேண்டுபவை. சட்ட ஆங்கிலத்தில் 'ஷல்' என்றால் செய்தல் வேண்டும்; 'மே' என்றால் செய்யலாம். இணையத் தொழில்நுட்ப வரையறைகளை எழுதுகிறவர்கள்கூட 1997-இல் 2119-ஆம் எண் ஆவணம் ஒன்றில், 'மஸ்ட்', 'ஷல்' இரண்டும் கட்டாயம், 'ஷுட்' பரிந்துரை, 'மே' விருப்பம் என்று வரையறுத்துக்கொண்டார்கள். அரசமைப்புச் சட்டத்தின் 74-ஆம் உறுப்பின்படி அமைச்சரவை குடியரசுத் தலைவருக்கு வழங்குவது 'அட்வைஸ்', அதாவது அறிவுரை. அந்த அறிவுரையின்படியே அவர் செயல்படுதல் வேண்டும் என்று 1976-இல் 42-ஆவது திருத்தம் 'ஷல்' என்ற சொல்லைச் சேர்த்தது. ஒருமுறை மறுபரிசீலனைக்குத் திருப்பி அனுப்பலாம் என்று 1978-இன் 44-ஆவது திருத்தம் 'மே' என்ற சொல்லோடு ஒரு வாய்ப்பைத் தந்தது. மறுபரிசீலனைக்குப் பின் வரும் அறிவுரைக்கு மீண்டும் 'ஷல்'. நாட்டின் மிக உயர்ந்த பதவியைக் கட்டுப்படுத்துவது, பெயரளவில் அறிவுரை என்று அழைக்கப்படும் ஒன்று. கேட்டவர் எண்ணியதுபோல் வலிமை வரிசை ஒன்றை வகுத்திருந்தால், 'அட்வைஸ்' அதில் கடைசி இடத்தில்தான் இருந்திருக்கும்.

இனி, தமிழில் எதை எங்கே வைப்பது என்ற பகுதி. அரசு எழுத்து வடிவில் வெளியிடுவதற்கு ஆணை பொருந்தும். அரசாணை, குறிப்பாணை, அழைப்பாணை, பிடியாணை என்று ஒரு குடும்பமே அதைச் சுற்றி அமைந்துவிட்டது. நேரில், ஆள் ஆளுக்கு இடுவதற்குக் கட்டளை. நீதிமன்ற 'ஆர்டர்'க்கு வழக்கில் உத்தரவு நிலைத்துவிட்டது. ஆனால் 'உத்தரவு பெற்றுக்கொள்கிறேன்' என்று விடைபெறும்போது அதுவே அனுமதி என்ற பொருளைத் தருவதால், இரண்டு பொருளும் மயங்கக்கூடிய வாக்கியங்களில் அதைத் தவிர்ப்பது நல்லது. கட்டுப்படுத்தும் 'டைரக்ஷன்'க்குப் பணிப்பு அல்லது பணிப்பாணை, கட்டுப்படுத்தாததற்கு நெறிமுறை அல்லது வழிகாட்டுதல். ஒரே ஆவணத்தில் ஓர் ஆங்கிலச் சொல்லுக்கு முதலில் எந்தத் தமிழ்ச் சொல்லை வைத்தீர்களோ, பொருள் மாறாத வரையில் கடைசிப் பக்கம் வரை அதையே வையுங்கள். நடை அழகுக்காக மூன்றாம் பத்தியில் உத்தரவைக் கட்டளையாக மாற்றினால், இரண்டு வெவ்வேறு ஆவணங்கள் பேசப்படுவதாக வழக்கறிஞர் ஒருவர் வாதிட இடம் கொடுத்தவர்கள் ஆவீர்கள்.